கோல் கம்பத்திடம் கேட்ட மன்னிப்பு

கோல் கம்பத்தைப் பார்த்துத் தூசணம் சொன்ன பிள்ளைக்குச் சிவப்பு அட்டை காட்டிய முதல் மத்தியஸ்தர் என்ற பெயர் கனிசியஸுக்கு வந்து சேருமென்று அவரை அறிந்த ஒருவரும் நினைத்திருக்கமாட்டார்கள். கொழும்புத்துறையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது அவருடைய தொழில். சனி ஞாயிறுகளில் கறுப்புக் காற்சட்டையைப் போட்டு, விசிலைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் உதைபந்தாட்டத்துக்கு மத்தியஸ்தம் செய்யப் போவார். சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாத மனிதர். பிழை விட்ட பிள்ளைக்குப் பக்கத்தில் போய், "மகள், அப்பிடிக் காலைப் போடக்கூடாது" என்று காதோடு சொல்லுவார். கோட்டுக்கு வெளியே நிற்கும் தகப்பன்மார் அவருடைய பிறப்பு வளர்ப்பைப் பற்றிக் கத்தும்போது, காற்றுக்குத் தலையைக் கொடுக்கிறவர்போல ஓடிக்கொண்டிருப்பார்.

குடாநாட்டு இளையோர் உதைபந்தாட்டச் சம்மேளனம் 'தூய நா' திட்டத்தைத் தொடங்கும்வரை எல்லாம் இப்படித்தான் போனது.

திட்டம் பிறந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. போன வருடப் பரிசளிப்பு விழாவில் பையன்களின் காட்சி ஆட்டம் ஒன்று நடந்தது. தண்ட உதையை வெளியே அடித்த ஒரு பையன் ஒரு சொல்லைச் சொன்னான். பக்கத்தில் நின்ற அறிவிப்பாளர் ஒலிவாங்கியை நிறுத்த மறந்திருந்தார். அந்தச் சொல் மைதானத்தைத் தாண்டி, வீதியைத் தாண்டி, அங்கால் கோயில் மடப்பள்ளிவரை போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பிரதம விருந்தினர் தலையை ஆட்டி ரசித்தார். ஊர்ச் சொல் கேட்டுக் கனகாலம் என்றார். சம்மேளனத் தலைவர் பொன்னம்பலத்துக்கு அந்த ரசனைதான் தாங்கமுடியாமல் போயிற்று.

பொன்னம்பலம் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனை. ஒலிவாங்கியைக் கண்டால் அவருடைய தமிழ் தானாகவே குளித்து முழுகி வந்து நிற்கும்.

"மொழி எமது தாய்! மைதானங்களிலே எமது தாய் தினமும் உதைபடுகிறாள்!" என்று அவர் திட்டத்தைத் தொடக்கிவைத்துப் பேசினார். "பந்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பண்பு இருக்கவேண்டும்."

சொன்னபடியே அந்த வருடம் சம்மேளனம் பந்து வாங்கவில்லை. பதாகை அடித்தார்கள்.

மத்தியஸ்தர்களுக்கு ஒரு செயலமர்வு வைத்தார்கள். குடிக்க மைலோவும் கடிக்க ரோல்ஸும் கொடுத்தார்கள். செயலாளர் வாகீசன் விளக்கினார். இளம் ஆள், செயலமர்வு இல்லாத கிழமைகளில் அவருக்கு உடம்பு சரியிருக்காது. தூசணம் சொன்னால் உடனே சிவப்பு அட்டை, பிறகு விசாரணை, பிறகு பாதிக்கப்பட்ட தரப்பிடம் எல்லோர் முன்னிலையிலும் செந்தமிழில் மன்னிப்பு என்றார்.

கனிசியஸ் எழும்பினார். "சேர், தூசணம் எண்டால் எந்தெந்தச் சொல்?"

வேலையைச் சரியாகச் செய்யவேண்டுமே என்றுதான் கேட்டார்.

"அதை இஞ்சை சொல்லேலாது" என்றார் வாகீசன். "இது தூசணத்துக்கு எதிரான செயலமர்வு."

"அப்ப எழுதியாவது தாங்கோவன்."

"சம்மேளனத்தின்ரை தாளிலை தூசணம் எழுதச் சொல்லுறியளே?"

பொன்னம்பலம் கையை உயர்த்தி வாகீசனை அமைதிப்படுத்தினார். "தம்பி எந்த இடம்?"

"கொழும்புத்துறை ஐயா."

"ஆ. கடற்கரைப் பக்கம். அப்ப உமக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குமே. பிழையா நினைக்கக்கூடாது, நான் வேற்றுமை பாக்கிற ஆள் இல்லை. உங்கடை ஆக்களிலை எனக்கு நல்ல மரியாதை. நான் மீன் வாங்கிறதே அங்கைதான்."

சின்ன வயதில் கோழியைப் பார்த்துச் 'சனியன்' என்று சொன்னதற்காக அப்பா தன்னை மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்கவைத்தது கனிசியஸுக்கு ஞாபகம் வந்தது. அவர் திரும்பவும் கதிரையில் இருந்தார்.

ரோல்ஸ் முடியும் தறுவாயில் ஒரு வரைவிலக்கணம் கிடைத்தது. தலைவர் அவர்கள் கேட்டால் முகம் சுளிக்கக்கூடிய எந்தச் சொல்லும் தூசணம்.

"தலைவர் மைதானத்திலை இல்லாட்டி?" என்று பின்னால் இருந்து ஒருவர் கேட்டார்.

"மனக்கண்ணிலை நிப்பாட்டிப் பாக்கவேணும்" என்றார் வாகீசன்.

அன்றிலிருந்து கனிசியஸ் பந்துக்குப் பின்னால் தனியே ஓடவில்லை. வேட்டியைப் பிடித்தபடி பொன்னம்பலமும் கூடவே மனதில் ஓடிவந்தார். பிள்ளைகள் வாயைத் திறக்கும்போதெல்லாம் கனிசியஸ் அந்த முகத்தைத் திரும்பிப் பார்க்கவேண்டியிருந்தது. இதனால் இரண்டு நல்ல ஓஃப்சைட்டுகள் அவருடைய கண்ணில் படாமல் போயின.

போதாததற்குக் கோட்டோரத்தில் மஞ்சள் அங்கி போட்ட 'நாவடக்கக் காவலர்கள்' வந்து நின்றார்கள். ஏதாவது காதில் விழுந்தால் கொடி பிடிப்பார்கள். சாவகச்சேரியில் ஒரு பிள்ளை "மாடு! மாடு!" என்று கத்தினாள். காவலர் கொடியைத் தூக்கினார். மாடு உண்மையாகவே உள்ளே வந்து கோலுக்கு முன்னால் நின்றது. அது பிள்ளைக்குச் சாட்சியாகக் கொள்ளப்படவில்லை. சொல் சொல்தான் என்றார்கள். பயிற்றுநர்கள் "அடி! அடி!" என்று கத்துவது வன்முறை என்று முடிவாயிற்று. "பந்தை அனுப்பிவையுங்கள்" என்று சொல்லவேண்டும். அதைச் சொல்லி முடிப்பதற்குள் பந்து போய்விடும்.

பதினாறு வயதுப் பெண் பிள்ளைகளின் அரையிறுதி, பண்டத்தரிப்பு அணிக்கும் சாவகச்சேரி அணிக்கும் சம்மேளனத்தின் சொந்த மைதானத்தில் நடந்தது. பண்டத்தரிப்பின் கோல் காப்பாளர் கஜந்தினி. தகப்பனோடு வெங்காயத் தோட்டத்தில் நின்று நின்று வலுவான கைகள். மாகாண அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் இறுதி ஆட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் தேடியது கோல் காப்பாளரை.

ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் கோலின் மூலைக்குப் போன பந்து ஒன்றைக் கஜந்தினி பாய்ந்து தட்டினாள். தட்டிய கை கம்பத்தில் போய் உரசியது. வலை கட்டுவதற்கென்று எந்தக் காலத்திலோ சுற்றிவிட்ட கம்பி ஒன்றின் துருப்பிடித்த முனை அதில் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அது அவளுடைய உள்ளங்கையைக் கிழித்தது. கஜந்தினி கம்பத்தைப் பார்த்து ஒரு சொல் சொன்னாள்.

அடிவயிற்றிலிருந்து வந்த சொல். முழுசாக, தெளிவாக, உச்சரிப்புப் பிசகாமல் வந்தது. கனிசியஸின் மனக்கண்ணில் பொன்னம்பலத்தின் முகம் வற்றல் மிளகாய்போலச் சுருங்கியது. கோட்டோரத்தில் மஞ்சள் அங்கிகளின் கொடிகள் எல்லாம் ஒரேயடியாக உயர்ந்தன. கனிசியஸின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று.

சிவப்பு அட்டையை இறக்கும்போதுதான் அவர் அவளுடைய கையைக் கண்டார். இரத்தம் முழங்கைவரை வழிந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்த் முகம் துடைக்கிற தன்னுடைய லேஞ்சியை எடுத்துக் காயத்தில் இறுக்கிக் கட்டினார்.

"சேர், நான் உங்களை ஏசேல்லை" என்றாள் கஜந்தினி. "கம்பத்தைத்தான் ஏசினனான்."

"தெரியும் மகள்."

"பிறகேன் சேர் அட்டை?"

கனிசியஸ் லேஞ்சியின் முடிச்சை இன்னொருமுறை இறுக்கினார். அவளுடைய அணி எப்படியோ ஒரு கோல் முன்னிலையைக் காப்பாற்றி வென்று இறுதி ஆட்டத்துக்குப் போனது. கஜந்தினி ஆஸ்பத்திரிக்குப் போனாள். தையல் போட்டு, துருக் கம்பி கிழித்ததற்கு ஏற்பு ஊசியும் போட்டு அனுப்பினார்கள்.

அன்று பின்னேரம் கனிசியஸ் நடந்ததை மனைவி சுவர்ணாவிடம் சொன்னார். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி, நீங்கள் அந்தப் பிள்ளையிட்டை மன்னிப்புக் கேட்டியளே?" என்றாள்.

"நான் ஏன்? அவ தானே தூசணம் சொன்னவ."

சுவர்ணா மீனைத் திருப்பிப் போட்டு மற்றப் பக்கம் செதில் உரித்தாள்.

விசாரணை சம்மேளனக் காரியாலயத்தில் நடந்தது. கையில் வெள்ளைக் கட்டோடு கஜந்தினி ஒரு கதிரையில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அணியின் பயிற்றுநர் உதயகலா மிஸ். மேசைக்கு அந்தப் பக்கம் நாவடக்கக் குழு: பொன்னம்பலமும் வாகீசனும், கண்ணை மூடி யோசிக்கிற இரண்டு உறுப்பினர்களும்.

"மத்தியஸ்தர் அவர்களே, பிள்ளை என்ன சொல் சொன்னவ?" என்று வாகீசன் கேட்டார்.

"தூசணம் சேர்."

"எந்தத் தூசணம்? சொல்லை அறியாமல் தீர்ப்புச் சொல்லேலாது."

"மிஸ் இருக்கிறா. பிள்ளை இருக்குது. எப்பிடிச் சொல்லுறது?"

"அந்தப் பிள்ளைதானே அதைச் சொன்னவ" என்றார் கண்மூடிய உறுப்பினர்களில் ஒருவர், கண்ணைத் திறக்காமல்.

"என்ரை வாயாலை அது வராது சேர்."

கடைசியில் பொன்னம்பலம் ஒரு வழி சொன்னார். "என்ரை காதுக்குள்ளை மட்டும் சொல்லும். சம்மேளனத்துக்காக நான் அதைத் தாங்கிக்கொள்ளுறன்."

கனிசியஸ் மேசையைச் சுற்றிப் போனார். குனிந்தார். மனதுக்குள் மாதாவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தலைவரின் காதுக்குள் அந்தச் சொல்லைச் சொன்னார்.

பொன்னம்பலத்தின் முகம் முதலில் வெளிறியது, பிறகு சிவந்தது. "எனக்கு!" என்றார். "நேரே என்ரை காதுக்குள்ளை!"

"நீங்கள்தானே ஐயா சொல்லச் சொன்னனீங்கள்."

"சொல்லச் சொன்னால் இப்பிடியே சொல்லுறது? கொஞ்சம் குறைச்சுச் சொல்லியிருக்கலாமே!"

நாவடக்கக் குழு உடனேயே இன்னொரு தீர்மானம் எடுத்தது. தலைவரை நோக்கித் தூசணம் மொழிந்த குற்றத்துக்காக மத்தியஸ்தர் கனிசியஸ் இடைநிறுத்தப்பட்டார். அவரும் கஜந்தினியும் ஒன்றாக நாவொழுக்கப் பயிற்சிக்கு வரவேண்டும் என்றும் முடிவாயிற்று.

உதயகலா மிஸ் எழும்பினார். "சேர், பிள்ளையின்ரை கையை ஒருக்காப் பாருங்கோ. அந்தக் கம்பி போன வருசமும் ஒரு பிள்ளையைக் கிழிச்சது. அப்பவே உங்களிட்டை வந்து சொன்னனான்."

"மிஸ், அது மைதானப் பராமரிப்புக் குழுவின்ரை விசயம்" என்றார் வாகீசன். "அந்தக் குழு இன்னும் அமைக்கேல்லை. இது நாவடக்கக் குழு. எங்களுக்குக் கையிலை அதிகாரம் இல்லை. வாயிலை மட்டும்தான்."

பிறகு அவர் கஜந்தினியிடம் திரும்பினார். "பிள்ளை, நீர் ஆரை நோக்கிச் சொன்னனீர்?"

"கம்பத்தை சேர்."

வாகீசன் விதிகளைப் புரட்டிப் பார்த்தார். பாதிக்கப்பட்டவர் 'தரப்பு' என்று இருந்ததே தவிர, மனிதராக இருக்கவேண்டுமென்று இருக்கவில்லை. எனவே கஜந்தினி கோல் கம்பத்திடம் பகிரங்க மன்னிப்புக் கேட்கவேண்டும். பாதிக்கப்பட்ட தரப்பு மனமுவந்து ஏற்றுக்கொண்டால் சிவப்பு அட்டையால் இறுதி ஆட்டத்துக்கு வந்த தடையை நீக்குவது பற்றி ஆலோசிக்கப்படும்.

நாவொழுக்கப் பயிற்சியில் இருவரும் ஒரு வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். வலி வரும்போது "ஐயகோ" என்றும், கோபம் வரும்போது "அந்தோ" என்றும் சொல்லவேண்டுமென்று ஒரு பண்டிதர் வந்து பழக்கினார். திருப்பித் திருப்பிச் சொல்லவைத்தார்.

"சேர்" என்று கஜந்தினி மெல்லச் சொன்னாள், "வீட்டை போய் நான் ஐயகோ எண்டால், பேய் பிடிச்சிட்டுதெண்டு அம்மா நூல் கட்டக் கூட்டிக்கொண்டு போயிடுவா."

கனிசியஸ் சிரிக்கவில்லை. சொல்லவேண்டியதை இரண்டு நாளாக வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தார். "மகள், பிழை என்னிலை. கையை முதல் பாத்திருக்கவேணும். கொடியைப் பாத்திட்டன்."

கஜந்தினி அவரை ஒருமுறை பார்த்தாள். "பரவாயில்லை சேர். ஆனா அந்தக் கம்பி இன்னும் அங்கைதானே நிக்குது. எனக்குப் பதிலா சின்னவள் ஒருத்தி கோலுக்கை நிக்கப்போறாள்."

அதற்குப் பிறகு பண்டிதர் சொன்ன எதுவும் கனிசியஸின் காதில் ஏறவில்லை.

மன்னிப்பு வைபவம் இறுதி ஆட்டத்துக்கு முந்திய கிழமை நடந்தது. பதாகை கட்டி, குத்துவிளக்கு ஏற்றி, இரண்டு இறுதி அணிப் பிள்ளைகளையும் வரிசையில் நிற்கவைத்திருந்தார்கள். கம்பத்துக்கு மாலை போடுவதா என்று ஒரு வாக்குவாதம் நடந்து, அது உயிரோடு இருக்கிறவர்களுக்கு மட்டும் என்று கைவிடப்பட்டது. வாகீசன் எழுதிக்கொடுத்ததைக் கஜந்தினி ஒலிவாங்கியில் வாசித்தாள்.

"பெருமதிப்புக்குரிய கோல் கம்பம் அவர்களே! அன்றைய தினம் தங்களை நோக்கி நான் உதிர்த்த சொல் தங்களுடைய உள்ளத்தைப் புண்படுத்தியிருப்பின், அந்தோ, அடியேன் வருந்துகிறேன்."

எல்லோரும் கம்பத்தைப் பார்த்தார்கள். கம்பம் ஒன்றும் சொல்லவில்லை. வாகீசனின் நெற்றி வேர்த்தது. ஏற்றுக்கொள்வது எப்படி என்று அவர் யோசித்திருக்கவில்லை.

கனிசியஸ் முன்னால் வந்தார். "ஐயா, கம்பத்துக்கு வாயில்லை. கம்பம் சம்மேளனத்தின்ரை. சம்மேளனத்துக்குத் தலைவர் நீங்கள். நீங்கள் அதிலை கையை வைச்சு, ஏற்றுக்கொள்ளுறம் எண்டு சொன்னால் காணும்தானே."

இடைநிறுத்தப்பட்ட ஒருவரிடமிருந்து இப்படியொரு பண்பான யோசனை வந்ததில் பொன்னம்பலம் நெகிழ்ந்துபோனார். ஒலிவாங்கியை ஒரு கையில் பிடித்தபடி கம்பத்தடிக்குப் போய், மற்றக் கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் கீழை ஐயா" என்றார் கனிசியஸ். "இன்னும் கொஞ்சம். அதிலை வைச்சாத்தான் படம் வடிவா விழும்."

"இறுக்கிப் பிடியுங்கோ சேர்!" என்றார் படம் எடுக்க வந்தவர்.

பொன்னம்பலம் இறுக்கிப் பிடித்தார்.

மைதானத்தின் நான்கு ஒலிபெருக்கிகளிலும் அந்தச் சொல் வந்தது. கஜந்தினி சொன்ன அதே சொல். ஆனால் பிள்ளை ஒரு சொல்லோடு நிறுத்தியிருந்தாள். தலைவர் படித்தவர், முன்னால் ஒரு அடைமொழியும் பின்னால் கம்பத்தின் தாயைப் பற்றிய குறிப்பும் சேர்ந்து வந்தன. மஞ்சள் அங்கிகள் பழக்கத்தில் கொடியைப் பாதி தூக்கி, அப்படியே நின்றார்கள். இறக்குவதா உயர்த்துவதா என்று வாகீசனைப் பார்த்தார்கள். வாகீசன் குத்துவிளக்கைப் பார்த்தார்.

முதலில் ஓடிப்போனது கஜந்தினிதான். கட்டுப் போடாத கையால் தலைவருடைய மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினாள். "கீழை விடாதேங்கோ சேர், இரத்தம் கூட வரும். துருக் கம்பி. ஏற்பு ஊசி போடவேணும்."

அடுத்த நாளே நாவடக்கக் குழு அவசரமாகக் கூடியது. ஊசி போட்ட கையோடு தலைவர் இருக்க, வாகீசன் நீண்ட விளக்கம் ஒன்றை முன்வைத்தார். உடம்பிலிருந்து இரத்தம் வெளிவரும் வேளையில் வாயிலிருந்து வெளிவருவது சொல் அல்ல, ஒலி. ஒலிக்குப் பொருள் கிடையாது. பொருள் இல்லாதது தூசணமாகாது. இதைக் 'குருதி ஒலி' என்று வகைப்படுத்தினார்கள். வகைப்படுத்தியபின் கஜந்தினியின் தடையை நீக்காமல் இருக்க வழியில்லாமற் போயிற்று. கனிசியஸ் இரத்தம் வராமலே சொன்னவர், அவரை மன்னிக்கமுடியாது என்று கண்மூடிய உறுப்பினர் வாதாடினார். ஆனால் மற்ற மத்தியஸ்தர்கள் எல்லோருக்கும் இறுதி ஆட்டத்தன்று ஒரே மாதிரிக் காய்ச்சல் வருவதாக இருந்தபடியால், அவருடைய தண்டனையும் கைவிடப்பட்டது.

கம்பத்துக் கம்பியை ஒருவர் குறடு கொண்டுவந்து வெட்டினார். ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம்கூட எடுக்கவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு நல்ல சனம். மேடையில் தலைவரும் செயலாளரும். ஒரு ஓரமாக மாகாணத் தெரிவாளர்கள். இரத்தம் வராத நேரத்தில் ஒரு சொல்லும் வரக்கூடாது என்று வாகீசன் இரண்டு அணிகளுக்கும் கடுமையாகச் சொல்லி அனுப்பினார். பிள்ளைகள் தலையை ஆட்டிவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

தொடக்கத்திலேயே பண்டத்தரிப்புப் பிள்ளை ஒருத்தி, வெறும் கோலுக்கு முன்னால் நின்று பந்தை வானத்துக்கு அடித்தாள். தலையில் கையை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, "பொன்னம்பலம்!" என்றாள்.

கனிசியஸ் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். கொண்டுபோன கை அங்கேயே நின்றது.

சற்று நேரத்தில் எதிரணிப் பிள்ளை ஒருத்தியின் கணுக்காலில் அடி விழுந்தது. "எடி பொன்னம்பலம்!" என்று அவள் துள்ளினாள். "நீதான்டி பொன்னம்பலம்!" என்று மற்றவள் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு அணியும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கவேண்டும். பந்து வெளியே போனால் பொன்னம்பலம். வழுக்கி விழுந்தால் பொன்னம்பலம். ஓஃப்சைட் கொடுத்த கனிசியஸின் முதுகுக்குப் பின்னாலும் ஒரு பொன்னம்பலம் மெல்லமாக வந்தது. அதில் இருந்த சூடு அவருக்கு நன்றாக விளங்கியது.

மேடையில் தலைவரின் கண் கலங்கியது. "கேட்டீரே வாகீசன்?" என்றார். "தில்லையம்பலத்தானை நினைச்சு நினைச்சு விளையாடுதுகள். தூசணம் இருந்த வாயிலை இப்ப அவன்ரை பேர். இனி எனக்கு வேறை என்ன வேணும்?"

மஞ்சள் அங்கிகள் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் சொல்லும்போதெல்லாம் ஒரு வயதான காவலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கஜந்தினி அன்று பாய்ந்த பாய்ச்சலை, பார்த்தவர்கள் இன்னும் சொல்லுகிறார்கள். தையல் வெட்டிய கையில் உறையைப் போட்டுக்கொண்டு ஒரு தண்ட உதையையும் தடுத்தாள். தெரிவாளர்களில் ஒருவர் உதயகலா மிஸ்ஸிடம் வந்து பிள்ளையின் பெயரையும் வீட்டு விலாசத்தையும் கேட்டுப்போனார். ஆட்டம் முடிய ஒன்றிரண்டு நிமிடம் இருக்கும்போது, அவளுடைய அணி ஒரு கோல் முன்னிலையில் நின்ற நேரத்தில், ஒரு பந்து அதே அணிப் பிள்ளை ஒருத்தியின் முழங்காலில் பட்டுத் திரும்பி, அவளைத் தாண்டி உருண்டு உள்ளே போனது. ஆட்டம் சமநிலை.

கஜந்தினி எழும்பினாள். வலைக்குள் கிடந்த பந்தைப் பார்த்தாள். முழங்காலைக் கொடுத்தவளைப் பார்த்தாள். பிறகு வானத்தை நோக்கி முகத்தைத் தூக்கி, மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"பொன்னம்பலம்!"

மைதானம் முழுவதும் அது எதிரொலித்து அடங்கியது. மேடையில் தலைவர் எழுந்து நின்றார். கட்டுப் போட்ட கையையும் மற்றக் கையையும் சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, அவள் நின்ற திசையை நோக்கிக் கும்பிட்டார்.